உதவி, நிலை மூன்று

மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகைக் கடை.
இருதயராஜ் என் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு
ஓர் அட்டையை நீட்டினான்.
வழிகாட்ட ஆள் வராதுக்கா,
எட்டு இடம், எட்டு நம்பர்,
நீங்களே போயி நீங்களே வந்துடணும்.

மின்சைக்கிளின் கைப்பிடியில் சின்னத் திரை.
உதவி என்று எழுதி
பக்கத்தில் பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை.
ஐம்பத்து மூன்று வயதுக்கு
இப்போதுதான் ஒன்று என்னைக் கேட்கிறது
எவ்வளவு வேண்டும் என்று.

மூன்று வைத்தேன்.
முதல் மிதியிலேயே முதுகில் யாரோ தள்ளினார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
ஒரு மதில், ஒரு மாடு.

பத்திர எழுத்தர் ஒருவரிடம்
இருபத்தெட்டு வருடம் தட்டச்சு வேலை.
வீடும் கொல்லையும் வாய்க்காலும்
என் விரல் வழியாகத்தான் கைமாறின.
அந்தப் பழக்கம் போகவில்லை:
பெண்ணையாற்றுக்குத் தெற்கு
உப்பனாற்றுக்கு வடக்கு
வங்கக் கடலுக்கு மேற்கு
கேப்பர் மலைக்குக் கிழக்கு
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட
என் ஊர்.
ஐப்பசியில் பேய்மழை பிடித்தால்
உண்மையிலேயே தீவாகிவிடும்.
மற்ற மாதங்களில்
தீவு போல நடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்று, தேவனாம்பட்டினத்துக் கடற்கரை.
இரண்டில் பூட்டு.
மூன்றைத் தாண்டிப் போய்விட்டேன்.
எல்லாம் சமதளம்.
கெடிலம் பாலத்தில் எதிர்காற்று,
அதுவும் தெரியவில்லை.
மிதித்தது போலவும் இருந்தது
மிதிக்காதது போலவும்.
எது என் கால், எது மின்சாரம்?
கல்யாணம் ஆன நாளிலிருந்து
கேட்காமல் வைத்திருந்த கேள்வி
இதே மாதிரி ஒன்று.
அவரிடம் இனிக் கேட்கவும் முடியாது,
தவறி நான்கு வருடம்.

வண்டிப்பாளையம் தாண்டியதும்
ரோடு சிவந்தது.
மலை என்று பெயர்.
நீலகிரிக்காரர் பார்த்தால் சிரிப்பார்,
போர்வைக்குள் மடக்கிய முழங்கால் அளவுதான்.
ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தானே.
ஐந்து வைத்தேன்.
இரண்டு கட்டை ஒன்றாகி
ஒன்று மினுக்கி
பாதி மேட்டில் திரை கறுத்தது.

இருபத்துநாலு கிலோ என்று
அப்போதுதான் வண்டி சொன்னது.
இறங்கித் தள்ளினேன்.
முந்திரித் தோப்பில் பழம் நொதித்த வாசனை,
பின்னால் ஹாரன்,
கழன்ற செருப்பைக் காலாலேயே தேடி மாட்டினேன்.
யாரும் முதுகில் கை வைக்கவில்லை.
திரும்பிப் பார்க்கவும் இல்லை.

உச்சியில் தகரப் பந்தல்,
அஞ்சலாட்சியின் பலாச்சுளைக் கடை.
இருந்தது ஒரே ஒரு ப்ளக்.
அரைத்துக்கொண்டிருந்த மிக்சியைப் பிடுங்கிவிட்டு
என் வயரைச் சொருகினாள்.
"எம்மா நேரம் ஆவும்?"
"ரெண்டு மணி நேரம்."
"எங்க போவணும்?"
"கீழேதான், கடையில விடணும்."
எண்ணெய் தடவிய கத்தியை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
"எறக்கத்துக்கு எதுக்கும்மா கரண்ட்டு?"

சிரித்தது யார் முதலில் என்று தெரியவில்லை.
மிக்சி மறுபடி ஓடியது.
பத்துச் சுளை தின்றேன்.
ஏழாம் எண் காட்சிமுனையாம்,
குப்பைமேட்டை ஒட்டி நின்றுதான் பார்க்க வேண்டும்.
ஊரே தெரிந்தது.
சிப்காட் புகை சாய்ந்த பக்கம் உப்பனாறு,
அதற்கப்பால்
பத்திரத்தில் அடித்தலுக்கு இழுக்கும் கோடு போலக் கடல்.
மேற்கு எல்லை என்று
எத்தனை பேருக்குத் தட்டியிருப்பேன்,
எல்லையின் மேல் நின்றதில்லை.

இறக்கத்தில் திரை கறுப்பாகவே இருந்தது.
பிரேக்கை விட்டேன்.
கண்ணில் தண்ணீர்
காற்றால்தான்.

"மலை ஏறிச்சாக்கா வண்டி?"
"பாதி ஏறிச்சு தம்பி,
பாதி ஏத்தினேன்."
எட்டாம் இடம் போகாததற்கு
பணம் திரும்பாது என்றான்.

ராத்திரி கெண்டைக்கால் வலித்தது,
மலையின்
மேல் பாதி மட்டும்.